மைனஸ் நாலு

ஜூலை 9, ஞாயிறு

இன்றைய கல்யாணக் கச்சேரியில் டின், அதாவது லேப்டாப் இசையை இயக்க நான் பிஸ்கட் டின்னில் செய்த கருவி, மூன்று முறை செத்துப் பிழைத்தது. முதல் முறை, மாப்பிள்ளை வீட்டார் பந்தலுக்குள் நுழையும்போது. இரண்டாம் முறை சாப்பாட்டு நேரம். ஆட்டுக்கறி வந்துவிட்டதால் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் முறை, பெண்ணின் சித்தி பாடிக்கொண்டிருந்தபோது. பின்னணி நின்றுபோனது அவருக்குத் தெரியவே இல்லை. அவர் பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்தார். கைதட்டல் வேறு.

எல்லாம் டின்னுக்குள்ளே இருக்கும் பழைய சர்க்யூட் போர்டின் கோளாறு. அது லேப்டாப்போடு நேராகப் பேசாது. நடுவில் மொழிபெயர்ப்பாளர் மாதிரி ஒரு புரோகிராம் ஓட வேண்டும். போன மாதம் லேப்டாப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டதிலிருந்து மொழிபெயர்ப்பாளர் அடிக்கடி மயங்கி விழுகிறார்.

"டின்ன ஒரு தட்டு தட்டு, சரியாயிடும்" என்றார் தோஹிர். ஸ்பீக்கர் தூக்குகிற என் கணவருக்கு எல்லா நோய்க்கும் அதுதான் மருந்து. தட்டினேன். சரியாகிவிட்டது. அதுதான் எரிச்சல்.

ஜூலை 11, செவ்வாய்

புது போர்டு ஆர்டர் போட்டாயிற்று. இரண்டு. ஒன்றை நான் எப்படியும் எரிப்பேன். கட்டைவிரல் அகலத்தில் ஒரு சின்னத் திரையும் சேர்த்தேன். தேவையா என்றால் தேவையில்லை. அழகாக இருந்தது.

டின்னைப் பிரிப்பதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்று எழுதி வைக்கிறேன், திருப்பி மாட்டும்போது உதவும். ஏழு வருடத்துக்கு முன் பெருநாளைக்கு வந்த பிஸ்கட் டின். மூடியில் பதினாறு பட்டன், நாலு குமிழ். டின்னுக்குச் சொந்தக் குரல் கிடையாது. லேப்டாப்புக்குக் கட்டளை போடும், அவ்வளவுதான்: இந்தத் தாளத்துக்கு மாறு, சுருதியை ஏற்று, பாட்டை முடி. மிடி என்கிற பாஷையில். லேப்டாப் வாசிக்கும். அதன் மேல் நான் கீபோர்டில் வாசிப்பேன். கல்யாண வீட்டில் இந்த டின்னைப் பார்க்கிற கிழவிகளில் பாதிப் பேர் மூடியைத் திறந்து முறுக்கு இருக்கிறதா என்று தேடியிருக்கிறார்கள்.

பக்கவாட்டில் ஒரு பதினேழாவது பட்டன் உண்டு. அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

ஜூலை 16, ஞாயிறு

சூரோ மாதம் பிறப்பதற்கு முன் கடைசிக் கல்யாணம். இனி ஒரு மாதத்துக்கு ஜாவாவில் யாரும் கல்யாணம் செய்யத் துணிய மாட்டார்கள். போர்டை மாற்ற இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

பாக் லூரா பாடினார். பாடாமல் போவாரா? பாக் என்றால் ஐயா, லூரா என்றால் ஊர்த் தலைவர்; சுதர்வோ அந்தப் பதவிக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. சாக்கடைக்கு மூடி போட்டது அவர். தெருவிளக்கு வந்தது அவரால். அந்த ஆறு வருடத்தில் அவர் பாடாத கல்யாணம் ஒன்றே ஒன்று, அது அவருடைய அம்மா இறந்த நாள். மேடையேறினார், தொப்பியைச் சரிசெய்தார், எப்போதும் கேட்பதைக் கேட்டார்.

"வார்சினி, அசல் சுருதிதானே?"

"அசல்தான் பாக்."

துறைமுகப் பாட்டு. முதல் வரிகள் தணிவாகவே நடக்கும், அவருக்கு அருமையாக வரும். சரணத்தில் 'திரும்பி வா' என்று ஓர் ஏற்றம். அதற்கு முன்னால் டிரம் இரண்டு விநாடி உருளும். அந்த உருட்டலில் என் சுண்டுவிரல் டின்னின் பக்கவாட்டைத் தொடும். சுருதி நாலு படி இறங்கும். சரணம் முடிந்ததும் மறுபடி ஒரு உருட்டல், மறுபடி மேலே. கேட்கிறவர்களுக்கு ஏதோ இசையமைப்பு மாதிரி இருக்கும். பாக் லூராவுக்கு, ஏற்றம் வரும்போது தன் குரல் தானாகத் திறந்துகொள்கிறது என்று இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு பாடினார். தோஹிர் வழக்கம்போல ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து, ஆற்றுக்கு அக்கரை ஊர்த் தலைவர் பாக் ரசிடின் பாடினார். பிறகு இரண்டு தலைவர்களும் தேநீருக்கு உட்கார்ந்த இடத்தில் யார் குரல் பெரிது என்று ஆரம்பித்தது. ஆகஸ்ட் பதினேழு, சுதந்திர தினத்துக்கு வட்டார அலுவலகத்தில் ஊர்த் தலைவர்களுக்கென்று பாட்டுப் போட்டி வைத்திருக்கிறார்களாம். இருவரும் பேர் கொடுத்திருக்கிறார்கள். இருவரும் துறைமுகப் பாட்டு. தோற்கிறவர், அந்த வாரம் ஆண்கள் நைட்டி போட்டுக்கொண்டு ஆடும் கால்பந்தில் கோலி நிற்க வேண்டும்.

"பூப்போட்ட நைட்டி" என்றார் ரசிடின்.

"கையில்லாத நைட்டி" என்றார் பாக் லூரா.

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அப்புறம் பாக் லூரா சொன்னார், போட்டிக்கு வாசிக்க பூர்வோகெர்த்தோ டவுனிலிருந்து பெரிய பேண்ட் வருகிறதாம். நிஜ டிரம், நிஜ கிடார்.

அங்கே என் டின் இல்லை.

ஜூலை 17, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன், பாக் லூரா தேர்தலில் ஜெயித்த விருந்து. அன்றும் துறைமுகப் பாட்டுதான். 'திரும்பி வா'வில் குரல் உடைந்தது. பின்வரிசை சிரித்தது. அவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடுத்த வரி வரும்வரை மேடையில் சும்மா நின்றார். அந்த நிற்பு என்னால் பார்க்க முடியவில்லை. அடுத்த வாரமே டின்னின் பக்கவாட்டில் ஓட்டை போட்டேன்.

பாதி பரிதாபம். மீதிப் பாதி? ஒரு மனிதருக்குத் தெரியாமலேயே அவரை நன்றாகப் பாடவைக்க முடியுமா என்று பார்க்கிற குறும்பு. முடிந்தது. முடிந்த பிறகு எப்படி நிறுத்துவது?

யாருக்கும் தெரியாது. தோஹிருக்குக்கூட.

இன்னொன்று. பாக் ரசிடினுக்கு மைனஸ் ஐந்து.

ஜூலை 20, வியாழன்

போர்டுகள் வந்தன. என் போன் ரிப்பேர் கடையில் சூரோ மாதத்தில் ஈ ஓட்டுகிற வேலைதான், அதனால் மேசையில் டின்னைப் பரப்பிக்கொண்டேன். புதுசு என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. லேப்டாப்பில் சொருகினால் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே 'நான் வந்துட்டேன்' என்கிறது.

மதியம் இரண்டு மணிக்கு ஒன்றை எரித்தேன். பழையது ஐந்து வோல்ட் குடிக்கிற முரடு. இது மூன்றேகாலைத் தாண்டினால் தாங்காது. குமிழ்களின் பழைய வயரை அப்படியே கொடுத்துவிட்டேன். ஒரு மெல்லிய வாசனை, அவ்வளவுதான். இரண்டு ஆர்டர் போட்ட என் புத்திசாலித்தனத்தைப் பாராட்டிக்கொண்டு எதிர்க் கடைக்கு மெண்டோவான் பஜ்ஜி சாப்பிடப் போனேன். கடைக் கிழவி இன்று மாவில் தோய்த்த தெம்பே சோயாத் துண்டைச் சரியாகப் பாதி வேக்காட்டில் எடுத்திருந்தாள்.

ஜூலை 22, சனி

டின்னில் பேய்.

யாரும் தொடாமலே தாளம் மாறுகிறது. தோஹிர் வெறும் காலோடு மேசையைத் தாண்டிப் போனால் போதும், மெல்லிசை டிஸ்கோ ஆகிவிடுகிறது. அவர் ரசித்து நாலு முறை தாண்டினார். பிறகுதான் கண்டுபிடித்தேன். பழைய போர்டுக்கு ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு ரெசிஸ்டர் வைத்திருந்தேன். அது பட்டனை 'அழுத்தாதவரை சும்மா இரு' என்று பிடித்து வைக்கும். புது போர்டுக்குள்ளேயே அது இருக்கிறது என்று படித்து, எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டேன். உள்ளே இருக்கிறதுதான். ஆனால் 'வேலை செய்' என்று ஒரு வரி எழுதிச் சொல்ல வேண்டும். சொன்னேன். பேய் போய்விட்டது. தோஹிருக்கு வருத்தம்.

ஜூலை 25, செவ்வாய்

வேலை செய்கிறது. பதினேழும். அழுத்தினால் கேட்கிறது, காத்திருப்பதே இல்லை. இத்தனை வருடம் நான் கையை அரை நொடி முன்னாலேயே அழுத்திப் பழகியிருக்கிறேன், இப்போது எல்லாவற்றிலும் முந்திக்கொள்கிறேன். திரையில் ஒவ்வொரு கட்டளையும் பச்சை எழுத்தில் தெரிகிறது. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், தேநீர் ஆறிப்போகும்வரை.

ஜூலை 27, வியாழன்

அந்தத் திரையை வைத்தது எந்த முட்டாள்.

பாக் லூரா போட்டிக்குப் பயிற்சி வேண்டும் என்று என்னை ஊர் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். மாதர் கூட்டம் முடிந்த நேரம். இன்றைக்காவது பட்டனைத் தொடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். டிரம் உருண்டது. அவர் கண்ணை மூடினார். சுண்டுவிரல் என்னைக் கேட்கவில்லை.

பச்சை எழுத்தில், பெரிதாக: −4.

என் தோள் பக்கத்தில் இபு லூரா, அதாவது பாக் லூராவின் மனைவி முர்த்தினா, தட்டில் மெண்டோவானோடு நின்றுகொண்டிருந்தார். திரையைப் பார்த்தார். சரணம் முடிந்து எண் பூஜ்யத்துக்குத் திரும்பியது. அதையும் பார்த்தார். "மிளகாய் வேணுமா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 28, வெள்ளி

இபு லூரா கடைக்கு வந்தார். சரியாக வேலை செய்கிற ஒரு போனை மேசையில் வைத்தார்.

"இதுல என்ன ரிப்பேர் இபு?"

"ஒண்ணுமில்ல. உக்கார ஒரு காரணம் வேணும்ல. அந்த மைனஸ் நாலு என்ன?"

சத்தத்தைக் குறைத்தேன் என்றேன்.

"பொய் சொன்னா உனக்கு மூக்கு வேர்க்குது. உன் பொண்ணு பொறந்தப்ப 'வலிக்கல'ன்னு சொன்னியே, அப்பவும் இப்படித்தான் வேர்த்துச்சு." அவர் எங்கள் ஊர் மருத்துவச்சி. அவரிடம் மறைத்து இந்த ஊரில் ஒரு குழந்தைகூடப் பிறந்ததில்லை.

சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆறு வருஷமா அந்த மனுஷன் எங்க வீட்டு பாத்ரூம்ல பாடுறதக் கேக்குறேன். கழுத்துல கத்தி வச்ச மாதிரி இருக்கும். மேடையில மட்டும் எப்படி இப்படிப் பாடுறார்னு மண்டைய ஒடச்சுக்கிட்டேன். டைல்ஸ்தான் சரியில்லன்னு போன வருஷம் டைல்ஸ மாத்தினேன், வார்சினி."

சிரிப்பை அடக்க ஸ்குரூவைக் கீழே போட்டு, குனிந்து தேடுகிற மாதிரி தேடினேன். மேசைக்கு அடியிலிருந்து பார்த்தால் அவருடைய காலும் குலுங்கிக்கொண்டிருந்தது.

பிறகு யோசனை அவருடையதுதான். நேரே சொன்னால் பாக் லூரா நம்ப மாட்டார். பட்டனை ஒரே நாளில் நிறுத்தினால் உடைந்துவிடுவார். பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கிற மாதிரி, தெரியாமல், கொஞ்சம் கொஞ்சமாக. போட்டிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

ஜூலை 30, ஞாயிறு

பழைய போர்டில் இது நடந்திருக்காது. அது முழுப் படியாகத்தான் இறங்கும், ஏறும். ஒரு முழுப் படி ஏறினால் தொண்டைக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக 'இம்மியளவு வளை' என்று ஒரே நேரத்தில் பதினைந்து கட்டளை அனுப்பினால் பழசுக்கு மூச்சு முட்டும். புதுசு அசரவில்லை. இப்போது ஒரு படியைப் பத்தாக வெட்டலாம். நாளைக்கு −3.8. யாருக்குத் தெரியப்போகிறது?

திரையின் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டினேன். ஓரத்தைத் தூக்கினால் எனக்கும் இபு லூராவுக்கும் மட்டும் தெரியும்.

ஜூலை 31, திங்கள்

எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, ஏதோ ஒன்று தவறு என்று.

சரணம் வந்ததும் டிரம் ஈரச் சாக்கை அடிக்கிற மாதிரி தொய்ந்தது. பேஸ் கிடார் மட்டும் பழைய சுருதியில் நிமிர்ந்து நின்றது. ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம் நடக்கிற சத்தம். பாக் லூரா பாட்டை நிறுத்திவிட்டு, இது என்ன என்று கேட்டார். டவுனில் இப்போது இப்படித்தான் வாசிக்கிறார்கள் என்றேன். டவுன் கெட்டுப்போச்சு என்றார், வருத்தத்தோடு.

காரணம்: ஒவ்வொரு வாத்தியத்தின் கட்டளையும் தனித்தனி எண் வழியில் போகும், டிரம்முக்குப் பத்தாம் எண். சுருதி வளைக்கும்போது டிரம்மைத் தொடக்கூடாது, அதனால் 'பத்தை விட்டுவிடு' என்று எழுதியிருந்தேன். மனிதர்கள் ஒன்றிலிருந்து எண்ணுகிறார்கள். போர்டு பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. அதற்கு டிரம் ஒன்பது. நான் சொன்னபடியே அது பத்தை, அதாவது பேஸ் கிடாரை, மரியாதையாக விட்டுவிட்டு டிரம்மை வளைத்திருக்கிறது. பத்தை ஒன்பதாக்கினேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

−3.2. கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 5, சனி

−2.8. இன்று கொஞ்சம் தொண்டை கட்டினாற்போல் இருக்கிறதாம். மெண்டோவான் எண்ணெயைக் குற்றம் சொன்னார். இபு லூரா உடனே ஒப்புக்கொண்டு, போட்டி முடியும்வரை வீட்டில் மெண்டோவான் கிடையாது என்று அறிவித்தார். இதற்கும் நம் திட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவருக்கு வெகுநாளாக மனிதரின் கொழுப்பைக் குறைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

−2.4. மழை வரப்போகிறது, அதனால்தான் குரல் ஏறவில்லை என்றார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. மூச்சை எங்கே எடுப்பது என்று நான் ஒன்று சொன்னேன், சும்மா சொல்வதுபோல. கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பயிற்சி முடிந்து திரும்பும்போது அந்த மனிதர் பாடிக்கொண்டே மோட்டார் சைக்கிளில் போனார். தானாக, பின்னணி இல்லாமல், கொஞ்சம் சரியாகவே. இபு லூரா என் முழங்கையில் கிள்ளினார்.

ஆகஸ்ட் 12, சனி

−2. நின்றுவிட்டது. மூன்று நாளாக இதற்கு மேல் ஓர் இழைகூட ஏறவில்லை. −1.9 வைத்தால் நரம்பு புடைக்கிறது, 'திரும்பி வா' பிசிறடிக்கிறது. தொண்டை ரப்பர் இல்லையே. ஐம்பத்தாறு வயசு.

ஆகஸ்ட் 14, திங்கள்

இபு லூராவின் புதுத் திட்டம்: போட்டியன்று காலை அவருக்குத் தொண்டை அழற்சி. இபு லூராவே பார்த்து, டார்ச் அடித்து, தலையை ஆட்டி, பாடக்கூடாது என்று எழுதிக் கொடுப்பார். இஞ்சிக் கஷாயத்தில் மிளகைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டால் அறிகுறியும் கிடைக்கும்.

அரை மணி நேரம் உட்கார்ந்து மிளகின் அளவைக்கூடப் பேசி முடித்துவிட்டோம். வீட்டுக்கு வந்ததும்தான் உறைத்தது, ரெண்டு பொம்பளைங்க சேர்ந்து ஒரு மனுஷனுக்கு என்ன செஞ்சுக்கிட்டிருக்கோம்?

ஆகஸ்ட் 15, செவ்வாய்

பாக் லூரா காலையிலேயே கடைக்கு வந்தார். கையில் போன். நேற்றைய பயிற்சியை அதில் பதிவு செய்திருக்கிறார். வீட்டில் அதையும் அசல் பாடகரின் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டிருக்கிறார்.

"ரெண்டும் ஒட்ட மாட்டேங்குது வார்சினி. என்னோடது கொஞ்சம் கீழ கேக்குது. போன் கெட்டுப்போச்சுன்னு நெனைக்கிறேன். ஸ்பீக்கர மாத்திடறியா?"

எவ்வளவு சுலபம். ஆமாம் பாக் என்றால் முடிந்தது. போனை வாங்கினேன். பின்மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன். அதுக்கு மேல என்னால முடியல. தன் காதுல சரியா விழுந்தத நம்பாம, என்னை நம்பி, போன் கெட்டுப்போச்சுன்னு வந்து நிக்கிறார். அவர்கிட்ட எப்படிச் சொல்ல, எப்படிச் சொல்லாம இருக்க?

"போன்ல ஒண்ணும் இல்ல பாக்" என்றேன். டேப்பைப் பிய்த்துத் திரையைக் காட்டினேன். பக்கவாட்டுப் பட்டனை அழுத்திக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், மிளகுக் கஷாயத்தைத் தவிர.

அவர் வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எப்போதிலிருந்து என்று கேட்டார். ஜெயித்த விருந்துக்கு அடுத்த வாரத்திலிருந்து என்றேன். மனைவிக்குத் தெரியுமா என்று கேட்டார். நான் ஸ்குரூக்களை அளவு வாரியாகப் பிரிக்க ஆரம்பித்தேன். "தெரியும்போல" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அப்புறம்: "எங்கம்மா ஹஜ் போறதுக்கு முன்னாடி விருந்துல பாடினேனே. அது?"

"அன்னைக்கு மூணுதான் பாக்."

"அம்மா நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க."

"நல்லாத்தான் இருந்துச்சு."

தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, பூஜ்யத்தில் வை என்றார். வைத்தேன். கடையில் உட்கார்ந்தபடியே, மைக் இல்லாமல், பாடினார். 'திரும்பி வா' நடுவில் கிழிந்தது. எதிரே மெண்டோவான் கிழவி திரும்பிப் பார்த்தாள். "இப்ப ரெண்டு இறக்கு" என்றார். பாடினார். அது முழுசாக வந்தது. எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். போனின் பின்மூடி என் மேசையிலேயே கிடக்கிறது.

தோஹிரிடமும் சொன்னேன். "அப்ப நான் எத்தன படி எறக்கி அழுதிருக்கேன்?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

ஆகஸ்ட் 16, புதன்

இபு லூராவிடமிருந்து செய்தி: "சாப்பிடல. பாத்ரூம்லயும் பாடல."

ஆகஸ்ட் 17, வியாழன்

கொடியேற்றம் முடிந்து மதியம் போட்டி. வட்டார அலுவலகத் திடலில் ஐந்நூறு பேராவது இருப்பார்கள். நானும் தோஹிரும் இபு லூராவும் மூன்றாவது வரிசையில். பாக் லூரா எங்களைப் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி இருந்தார்.

ஒன்பது தலைவர்கள். ஏழாவது பாக் ரசிடின். பேண்ட்காரரிடம் "அசல் சுருதி" என்று மைக்கிலேயே சொன்னார். கம்பீரமாக ஆரம்பித்தார். டிரம் உருண்டது. இங்கே சுருதியை இறக்க யாரும் இல்லை. 'திரும்பி வா'வில் குரல் சேவல் மாதிரி பிளந்தது. ரசிடின் கண்ணைத் திறந்து, பேண்ட்காரரைத் திரும்பிப் பார்த்தார். திடல் முழுக்கச் சிரிப்பு. அக்கரை ஊர்க்காரர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

அப்போது, மேடைக்குப் பக்கத்தில் காத்திருந்த பாக் லூரா மெல்லத் திரும்பினார். மூன்றாவது வரிசையில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். செருப்பில் பார்க்க ஒன்றும் இல்லை.

அவர் முறை வந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பேண்ட்காரரிடம் காதோடு சொல்லியிருக்கலாம். மைக்கில்தான் சொன்னார்.

"தம்பி, ரெண்டு படி எறக்குங்க."

ஏன் பாக், படி ஏற முடியலையா என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அசல் பாடகர் இதப் பாடுனப்ப அவருக்கு இருபத்தஞ்சு வயசு. எனக்கு அம்பத்தாறு. முப்பத்தோரு வருஷத்துக்கு ரெண்டே ரெண்டு படிதான் கேக்குறேன். எண்ணிப் பாத்தா நான்தான் ஜெயிச்சிருக்கேன்."

மறுபடி சிரிப்பு, இந்த முறை அவரும் சேர்ந்து. பாடினார். நான் சொன்ன இடத்தில் மூச்சு எடுத்தார். ஏற்றம் வந்தது, ஏறினார், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே. என் சுண்டுவிரல் தொடையில் அழுத்திக்கொண்டிருந்ததை இபு லூரா பிடித்து நிறுத்தினார்.

முதல் பரிசு மலையூரின் பெண் தலைவருக்கு. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அந்த அம்மாவுக்கு நிஜமாகவே குரல். பாக் லூரா நாலாவது. ரசிடின் ஒன்பதாவது.

தோஹிர் அழுதார். மைனஸ் இரண்டுக்கு என்று சொல்லிக்கொண்டார்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

நைட்டிக் கால்பந்து. பாக் ரசிடின் வாக்குத் தவறாதவர். பூப்போட்டது, கையில்லாதது, முழங்கால் வரை. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு கோலுக்குள் போய் நின்றார். அக்கரையிலிருந்து லாரியில் ஆள் வந்து இறங்கியிருந்தது, வீடியோ எடுக்க.

ஆட்டம் ஆரம்பிக்கப் போகிற நேரத்தில் எதிர்ப்பக்கக் கோலுக்கு ஒருவர் நடந்து போனார். இபு லூராவின் நீல நைட்டி, தலையில் தொப்பி. பந்தயத்தில் ஜெயித்த பாக் லூரா. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. ரசிடினே மைதானத்தைக் கடந்து வந்து, உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டாராம். வேர்க்குது, இதுல காத்தோட்டமா இருக்கு என்றாராம் இவர். இரண்டு பேருமாகச் சேர்ந்து பதினோரு கோல் விட்டார்கள்.

இடைவேளையில் தண்ணீர் குடிக்க என் பக்கம் வந்தார். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இன்றைக்குத்தான் என்னிடம் பேசுகிறார்.

"எனக்கு ரெண்டு நாள் முன்னாடியாவது சொல்லிட்ட."

நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் தேடினேன்.

"அவனுக்கு எத்தன?"

"எது பாக்?"

என் மூக்கையே பார்த்தார். வீட்டில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "சரி" என்று நைட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோலுக்குத் திரும்பினார்.

ஆகஸ்ட் 24, வியாழன்

போனின் பின்மூடியை வாங்கிப் போக வந்தார். இருபது நிமிஷம் டின்னைப் பற்றிக் கேட்டார். எந்தக் குமிழ் எதற்கு, அந்தச் சின்ன போர்டுக்குள் யார் இதை எழுதி வைக்கிறார்கள். அலுவலகக் கணினி கற்றுக்கொள்ளாதவர்.

செப்டம்பர் 10, ஞாயிறு

சூரோ முடிந்த பிறகு முதல் பெரிய கல்யாணம். டின் ஒரு முறைகூடச் சாகவில்லை. தோஹிருக்குத் தட்ட ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

பாக் லூரா முதலில் பாடினார். மேடையேறும்போதே "ரெண்டு எறக்கி" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். இப்போது அது ஊரில் ஒரு பேச்சாகிவிட்டது. யாராவது கறிக்கடையில் பேரம் பேசினால்கூட ரெண்டு எறக்கு என்கிறார்கள்.

பாக் ரசிடின் சாப்பிட்டுவிட்டு ஓர் ஓரமாகவே உட்கார்ந்திருந்தார். போட்டிக்குப் பிறகு எங்கும் பாடவில்லை என்று கேள்வி. பெண் வீட்டார் கூப்பிட்டார்கள், கையை ஆட்டி மறுத்தார். பாக் லூரா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. டவுன் பேண்டைத் திட்டுகிறார் என்று கைகளைப் பார்த்தால் தெரிந்தது. கடைசியில் ரசிடின் எழுந்தார். மைக்கை வாங்கினார், எப்போதும் தட்டிப் பார்ப்பவர் இன்று தட்டவில்லை.

"அசல் சுருதிதானே?" என்று கேட்டார் என்னிடம். குரல் உள்ளேயே போயிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் பாக் லூரா தேநீர்க் கிளாஸோடு மேடைக்கு வந்துவிட்டார். என் பக்கத்தில், டின்னுக்கும் பந்தலுக்கும் நடுவில், அந்த அகலமான பத்திக் சட்டை முதுகை வைத்து நின்றுகொண்டார். "அசல்தான்யா, பாடு" என்றார்.

டிரம் உருண்டது. என் சுண்டுவிரல் போனது. திரையில் −5. அவர் குனிந்து பார்த்தார், ஒரு முறைதான். பிறகு நிமிர்ந்து, பாட்டு முடியும்வரை அங்கேயே நின்று தேநீர் குடித்தார். கிளாஸ் காலியான பிறகும் குடித்தார்.

ரசிடின் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். கைதட்டல் ஓய நேரமானது. அக்கரைக்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்குள் பாக் லூரா என் காதுப் பக்கம் குனிந்தார்.

"அடுத்த கல்யாணத்துக்கு நாலு புள்ளி எட்டு வை. அவனுக்குத் தெரியாது."